ஆளில்லா வானூர்திகளும் தனியுரிமையும்

ஆளில்லா வானூர்திகளும் தனியுரிமையும் என்னும் இக்கட்டுரை, மக்கள் வழக்கில் டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்திகள் தனியார் வீடு, தோட்டம், வயல் முதலிய இடங்களின் மேல் பறக்கும்போது எழும் தனியுரிமைச் சிக்கல்களையும், அவை தொடர்பான சட்ட நிலையையும் இந்தியாவை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது. ஒருவரின் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் அவருக்கு எவ்வளவு உரிமை உண்டு, மேலிருந்து படம் எடுப்பது எப்போது குற்றமாகும், பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம் ஆகியவை இதில் அடங்கும் முக்கியக் கேள்விகளாகும். இந்தியாவில் இக்கேள்விகளுக்கு விடை தரும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அரசியலமைப்பு, வானூர்திச் சட்டம், குற்றவியல் சட்டம், தகவல் தொழினுட்பச் சட்டம், தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகிய ஐந்தையும் சேர்த்தே விடை காண வேண்டியுள்ளது.

நிலமும் அதன் மேலுள்ள வானும்

நிலத்தின் உரிமையாளருக்கு அதன் மேலே வானம் வரையும் கீழே பாதாளம் வரையும் உரிமை உண்டு என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கையாகும். வானூர்திப் போக்குவரத்து வளர்ந்தபோது இக்கொள்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. அதை அப்படியே பின்பற்றினால், ஒரு வானூர்தி தான் கடக்கும் ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கும்.

ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946ஆம் ஆண்டில் காசுபி வழக்கில் இதை ஆராய்ந்தது. வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணையின் மேல் படைத்துறை வானூர்திகள் ஏறத்தாழ 83 அடி உயரத்தில் பறந்தன. அச்சமுற்ற கோழிகள் சுவரில் மோதி இறந்ததால் பண்ணை மூடப்பட்டது. வானம் பொதுவழி என்று கூறிய நீதிமன்றம், நிலத்தைப் பயன்படுத்தத் தேவையான அளவு தாழ்வான வான்வெளி உரிமையாளருக்கே உரியது என்று தீர்ப்பளித்து, இழப்பீடு பெறும் உரிமையையும் ஏற்றது.

இங்கிலாந்தில் 1977இல் முடிவான பெர்ன்சுடைன் வழக்கில், ஒரு நிறுவனம் வானூர்தியிலிருந்து வீட்டைப் படம் எடுத்தது அத்துமீறல் ஆகாது எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும், ஒருவரின் வீட்டைத் தொடர்ந்து வானிலிருந்து கண்காணித்து அவரது ஒவ்வொரு செயலையும் படம் பிடித்தால் அது வழக்குத் தொடுக்கத்தக்க தொல்லையாகக் கருதப்படலாம் என்று நீதிபதி குறிப்பிட்டார். அரை நூற்றாண்டுக்கு முன் கூறப்பட்ட இக்கருத்து இன்றைய ஆளில்லா வானூர்திகளுக்கு மிகவும் பொருந்துவதாகும்.

இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்கான அடிப்படை விதியாக இருந்தது. காற்று, வானிலை முதலிய சூழ்நிலைகளைக் கருத்தில் கொண்டு நியாயமான உயரத்தில் வானூர்தி பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்று அப்பிரிவு கூறியது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட பாரதிய வாயுயான் அதிநியம், 2024 என்னும் சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்விதியில் இரண்டு சொற்கள் முக்கியமானவை. முதலாவது "நியாயமான உயரம்". பயணிகள் வானூர்திக்கு இது ஆயிரக்கணக்கான அடிகளாக இருக்கும். மொட்டை மாடிக்கு மேல் 20 அடியில் நிற்கும் ஓர் ஆளில்லா வானூர்திக்கு எது நியாயமான உயரம் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. இரண்டாவது "பறந்த ஒரே காரணம்". பறப்பதற்கு மட்டுமே இப்பாதுகாப்பு உண்டு. பறந்தபடி வீட்டுக்குள் படம் எடுப்பது வேறு செயல் என்பதால், அதற்கும் இப்பாதுகாப்பு கிடைக்கும் என்று கொள்ள முடியாது.

இந்தியாவில் தனியுரிமையின் வளர்ச்சி

அண்டை வீட்டாரின் பார்வையிலிருந்து வீட்டைக் காத்துக்கொள்வது இந்தியச் சட்டத்துக்குப் புதியதன்று. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வழக்காற்றின் அடிப்படையில் அமையும் உரிமைகளுக்குத் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று சாளரத்தைப் பற்றியது. ஓர் ஊரில் அத்தகைய வழக்காறு இருந்தால், பக்கத்து வீட்டின் மறைவான பகுதிகளைப் பார்க்கும் வகையில் புதிய சாளரம் திறக்கக் கூடாது என்று அது கூறுகிறது. 1888ஆம் ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் வழக்கில் இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. ஆளில்லா வானூர்தியை எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஒரு சாளரம் எனக் கொண்டால், இப்பழைய வழக்கின் பொருத்தம் விளங்கும்.

விடுதலைக்குப் பின்னர், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் பலமுறை வந்தது. அவற்றுள் முக்கியமானவை:

* கரக் சிங் வழக்கு (1962): காவல் துறையினர் இரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பது செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆனால் தனியுரிமை என்பது அரசியலமைப்பு உறுதியளிக்கும் உரிமை அன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர்.
* இராசகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994): மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கு இது. தனித்து விடப்படுவதற்கான உரிமை 21ஆம் உறுப்பில் உள்ளடங்கியது என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில் பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை வெளியிட ஒப்புதல் தேவையில்லை என்றும், வெளியீட்டுக்கு முன்னரே அரசு தடை விதிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது.
* புட்டசாமி வழக்கு (2017): ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகத்து 24 அன்று தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், முறையான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்கு ஏற்ற அளவினதாக இருக்க வேண்டும்.
* கௌசல் கிசோர் வழக்கு (2023): 19, 21 ஆகிய உறுப்புகளின் உரிமைகளை அரசு அல்லாத தனியாருக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என அரசியலமைப்பு அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர்.

இறுதியாகக் கூறிய தீர்ப்பு ஆளில்லா வானூர்திகளைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்கது. மாடியின் மேல் வானூர்தியை நிறுத்துபவர் பெரும்பாலும் அரசு அதிகாரி அல்லர், அடுத்த தெருக்காரரே.

வானூர்தி விதிகள்

குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2014 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின் மூலம் ஆளில்லா வானூர்திகளின் குடிசார் பயன்பாட்டைத் தடை செய்தது. 2018 ஆகத்தில் வெளியிடப்பட்டு அவ்வாண்டு திசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள் இத்தடையை நீக்கின. எவருடைய தனியுரிமையும் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது இயக்குபவரின் கடமை என்று அவை வெளிப்படையாகக் கூறின. 2021 மார்ச்சில் வந்த விதிகளிலும் படம் எடுக்கும்போது தனியுரிமையைப் பேண வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது.

இவ்விதிகள் தொழில் வளர்ச்சிக்குத் தடையாக உள்ளன என்ற குறை எழுந்ததால், அவை நீக்கப்பட்டு 2021 ஆகத்து 25 அன்று ஆளில்லா வானூர்தி விதிகள், 2021 அறிவிக்கப்பட்டன. இவ்விதிகள் வானூர்திகளை எடையின்படி ஐந்தாகப் பிரிக்கின்றன:

* நானோ: 250 கிராம் வரை
* மைக்ரோ: 250 கிராமுக்கு மேல் 2 கிலோகிராம் வரை
* சிறியவை: 2 கிலோகிராமுக்கு மேல் 25 கிலோகிராம் வரை
* நடுத்தரம்: 25 கிலோகிராமுக்கு மேல் 150 கிலோகிராம் வரை
* பெரியவை: 150 கிலோகிராமுக்கு மேல்

வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிவப்பு மண்டலத்தில் பறக்க நடுவண் அரசின் அனுமதி தேவை. மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவை. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. வானூர்தி நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் இவ்வுயரம் 200 அடியாகும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். தலைவர்களின் வருகையின்போது ஒரு நகரில் டிரோன்களுக்குத் தடை எனச் செய்தித்தாள்களில் வருவது இத்தகைய அறிவிப்பே ஆகும்.

நானோ வகையை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ வகையை இயக்கவும் தொலை இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. விதிகளை மீறினால் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

முந்தைய விதிகளில் இருந்த தனியுரிமைக் கடமை 2021 ஆகத்து விதிகளில் இடம்பெறவில்லை. பச்சை மண்டலத்தில் அனுமதி தேவையில்லை என்பது அரசின் அனுமதியையே குறிக்கிறது. கீழேயுள்ள நிலத்தின் உரிமையாளரது ஒப்புதலைப் பற்றி விதிகள் எதுவும் கூறவில்லை. எனவே பச்சை மண்டலத்தில் எங்கும் பறந்து எதையும் படம் எடுக்கலாம் என்று கருதுவது தவறாகும். 2025 செப்டம்பரில் இத்துறைக்கெனத் தனிச் சட்ட முன்வரைவு ஒன்றைக் குடிசார் வானூர்திப் போக்குவரத்து அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

குற்றவியல் சட்டம்

2013ஆம் ஆண்டின் திருத்தத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பிறர் பார்க்கமாட்டார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்கும் இடத்தில், குளித்தல் போன்ற அந்தரங்கச் செயலில் ஈடுபட்டுள்ள பெண்ணைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் இதன்படி குற்றமாகும். 2024 சூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்கிதையின் 77ஆம் பிரிவாக உள்ளது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரையும், மீண்டும் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை உண்டு. பழைய பிரிவில் ஆண் மட்டுமே குற்றவாளியாக இருக்க முடியும். புதிய பிரிவு குற்றம் புரியும் எவருக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, எவருடைய அந்தரங்க உறுப்புகளையும் ஒப்புதலின்றிப் படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இப்பிரிவில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

இவ்விரண்டு பிரிவுகளுக்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி உள்ளது. தன் வீட்டு முற்றத்தில் உடையணிந்து அமர்ந்திருக்கும் முதியவரை நாள்தோறும் ஒரு டிரோன் படம் எடுத்தால், அது மேற்கண்ட இரண்டு பிரிவுகளிலும் அடங்காது. அவருக்கு எஞ்சியிருப்பவை உரிமையியல் நீதிமன்றமும் அரசியலமைப்பு உரிமையுமே ஆகும்.

தரவுப் பாதுகாப்பு

எண்ணிம தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆளை அடையாளம் காட்டும் ஒளிப்படமும் நிகழ்படமும் தனியாள் தரவுகளே என்பதால், நில அளவை, பாதுகாப்பு, விளம்பரம் ஆகியவற்றுக்காக டிரோன்களை இயக்கும் நிறுவனங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தும். மிகக் கடுமையான மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்காகத் தரவுகளைக் கையாள்வதற்கு இச்சட்டம் பொருந்தாது. எனவே பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் அண்டை வீட்டாரை இச்சட்டத்தால் அணுகுவது கடினம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

_சன்வாடா பண்ணை வீடு (2020)_: ஐதராபாத்துக்கு அருகிலுள்ள சன்வாடாவில் ஒரு பண்ணை வீட்டின் மேல் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ரேவந்த் ரெட்டி 2020 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். நீர்த்தேக்கங்களைக் காக்கும் கட்டுப்பாடுகளை மீறி அவ்வீடு கட்டப்பட்டதாகவும், அது அப்போதைய அமைச்சர் கே. டி. ராமாராவுடன் தொடர்புடையது என்றும் அவர் குற்றஞ்சாட்டியிருந்தார். தாம் அதன் உரிமையாளர் அல்லர் என்று ராமாராவ் மறுத்தார். அதே மாதத்தில் தெலங்காணா உயர் நீதிமன்றம் ரேவந்த் ரெட்டிக்குப் பிணை வழங்கியது. தனியார் இடத்தின் அமைதியும், விதிமீறலை வெளிக்கொணரும் பொதுநலனும் ஒரே நிகழ்வில் மோதக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

_ஊரடங்கும் திருப்பூர் காவல் துறையும் (2020)_: கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டக் காவல் துறையினர், வெளியில் கூடியவர்களை டிரோன் மூலம் துரத்திப் படம் எடுத்தனர். கேரம் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் கேரம் பலகையால் தம்மை மறைத்துக்கொண்டு ஓடும் காட்சி நகைச்சுவை வசனங்களுடன் வெளியாகி நாடெங்கும் பரவியது. பலர் அதைச் சிரித்து மகிழ்ந்தனர். ஊரடங்கைச் செயல்படுத்துவது முறையான நோக்கமே. ஆனால் எடுத்த படத்தைக் கேலிக்குரியதாக வெளியிடுவது அந்நோக்கத்துக்குத் தேவையானதா என்பது, புட்டசாமி தீர்ப்பின் அளவுகோலின்படி கேட்க வேண்டிய கேள்வியாகும். அடுத்த மாதமே, 2020 மே 18 அன்று, பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் பாரிசில் ஊரடங்கைக் கண்காணிக்கக் காவல் துறை டிரோன்களைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு ஆணையிட்டது. ஆளை அடையாளம் காணும் வாய்ப்புள்ள கருவிகளுக்கு உரிய சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதே காரணமாகும்.

ஊர்ப்புறச் சூழல்: பெருமுக்கல், மரக்காணம்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல், குன்றின் மேல் அமைந்த சோழர் காலச் சிவன் கோயிலால் அறியப்படும் ஊராகும். கிழக்கே மரக்காணத்தின் உப்பளங்களும் கழுவெளி ஈரநிலமும் உள்ளன. குன்று, நீர்ப்பரப்பு, வெண்ணிற உப்புப் பாத்திகள் ஆகியவை வான்வழிப் படப்பிடிப்புக்கு ஏற்றவை. இத்தகைய பகுதியில் ஒரே பறப்பில் பல சட்டங்கள் குறுக்கிடக்கூடும்.

* குன்று: உச்சியில் நிற்பவருக்குக் கீழேயுள்ள வயல்களும் கூரைகளும் இயல்பாகவே தெரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் தொலைக்காட்சியில் தனியுரிமை மீறல் இல்லை. அதே இடத்திலிருந்து டிரோனைச் செலுத்தி ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தை அணுகிப் படம் எடுத்தால் நிலைமை மாறிவிடும்.
* வீடுகள்: ஊர்ப்புறங்களில் குளியல் மறைப்புகள் பல, நான்கு பக்கமும் கீற்றுத் தட்டியோ சுவரோ கொண்டு, மேற்கூரையின்றி அமைந்தவை. தெருவில் செல்வோரிடமிருந்து மறைத்தால் போதும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை இவை. மேலே கூரை இல்லை என்பதால் அங்கு குளிக்கும் பெண் தனிமையை எதிர்பார்க்கவில்லை என்று வாதிட இயலாது. 77ஆம் பிரிவு கூரையைக் கேட்கவில்லை, நியாயமான எதிர்பார்ப்பையே கேட்கிறது.
* உப்பளங்கள்: திறந்த வெளியில் வேலை செய்வோரைப் பொதுவாகப் படம் எடுப்பது குற்றமன்று. ஆனால் அவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதும், அடையாளம் தெரியும்படி வணிக விளம்பரத்தில் பயன்படுத்துவதும் வேறு வகையைச் சேர்ந்தவை.
* கழுவெளி: 2021 திசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆம் பிரிவின்படி, சரணாலயத்தில் நுழையவும் ஒளிப்படம் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி தேவை. வலசைப் பறவைகள் டிரோனைக் கொன்றுண்ணிப் பறவையாகக் கருதிக் கூட்டமாக எழும்பக்கூடும்.

இருதரப்புச் சட்ட இடர்கள்

டிரோனை இயக்குபவர் தனியுரிமை வழக்கை மட்டுமன்றி, விபத்துக்கான பொறுப்பையும் ஏற்க வேண்டும். 2021 விதிகளின்படி விபத்து நிகழ்ந்த 48 மணி நேரத்துக்குள் தலைமை இயக்ககத்துக்கு அறிவிக்க வேண்டும். நானோ வகை தவிர்த்த ஏனையவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு தேவை. பயிருக்கு மருந்து தெளிக்கும் டிரோனிலிருந்து மருந்து காற்றில் பரவி அடுத்தவரின் வயலையோ மீன் குட்டையையோ கெடுத்தால், அதற்கும் இழப்பீட்டு வழக்கு எழலாம்.

நில உரிமையாளருக்கும் இடர் உண்டு. தன் வீட்டின் மேல் பறக்கும் டிரோனைக் கல்லெறிந்து வீழ்த்துவது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் பிறர் பொருளுக்குச் சேதம் விளைவிப்பது பாரதிய நியாய சன்கிதையின் 324ஆம் பிரிவின்படி குற்றமாகும். உடைமையைக் காக்கும் தற்காப்பு உரிமை, குற்றவியல் அத்துமீறல் போன்ற சில குற்றங்களுக்கு எதிராகவே உண்டு. மனிதர் எவரும் நுழையாமல் கருவி மட்டும் மேலே நிற்பது அத்தகைய அத்துமீறலா என்பது விவாதத்துக்குரியது. வீழும் டிரோன் வழிப்போக்கர் மேல் விழுந்தால் பொறுப்பு மேலும் கூடும்.

இதனால் நடைமுறையில் பாதுகாப்பான வழி சான்று திரட்டுவதே ஆகும். நாள், நேரம், பறந்த திசை, ஏறத்தாழ உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இயன்றால் கைப்பேசியில் படமும் எடுத்துக் காவல் நிலையத்தில் முறையிடலாம். டிரோன்களுக்கு வழங்கப்படும் தனித்துவ அடையாள எண் உரிமையாளரைக் கண்டறிய உதவும். தொல்லை தொடர்ந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி டிரோன் படங்களுக்கும் பொருந்தும். வீட்டில் பொருத்திய கண்காணிப்புக் கருவி பொதுத் தெருவையும் படம் எடுத்தால் அது முற்றிலும் வீட்டுப் பயன்பாடு ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் ரினேசு வழக்கில் கூறியது. ஐக்கிய அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டின் ரைலி வழக்கில், 400 அடி உயரத்தில் உலங்கு வானூர்தியிலிருந்து காவலர் வெறுங்கண்ணால் கண்டதற்குப் பிடியாணை தேவையில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையில் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் பாதுகாப்புக் காரணங்களுக்காக டிரோன்கள் சில காலம் தடை செய்யப்பட்டன. அந்நாட்டின் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது.

விமரிசனங்கள்

இந்திய விதிகள் வான்வெளியின் பாதுகாப்பையே மையமாகக் கொண்டவை, கீழே வாழ்வோரின் தனிமையை அன்று என்பது இவற்றின் மீதான முதன்மை விமரிசனமாகும். 250 கிராமுக்குக் குறைவான கருவி பிற வானூர்திகளுக்கு இடையூறு குறைவானது என்பதால் அதற்குச் சலுகைகள் மிகுதி. ஆனால் ஒலி குறைந்த, எளிதில் கண்ணில் படாத அச்சிறு கருவியே தனியுரிமைக்கு மிகுந்த இடையூறு விளைவிக்கக்கூடியது. எடையைக் கொண்டு ஆபத்தை அளவிடும் முறை, ஒளிப்படக் கருவியின் திறனைக் கணக்கில் கொள்வதில்லை.

மறுபுறம், மிகக் கடுமையான விதிகள் பயனுள்ள பணிகளைப் பாதிக்கும் என்ற கருத்தும் உண்டு. 2020இல் தொடங்கப்பட்ட சுவாமித்துவ திட்டத்தில் நாட்டின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் குடியிருப்புப் பகுதிகள் டிரோன் மூலம் அளக்கப்பட்டுள்ளன. வெள்ள மீட்பு, பயிர் மதிப்பீடு, சட்டவிரோதக் குவாரிகளை அளத்தல் ஆகியவற்றிலும் இவை பயன்படுகின்றன. குறைந்த உயரத்தில் குடியிருப்புகளின் மேல் நிற்பதற்கு ஒப்புதல் பெறுதல், தேவையற்ற படங்களை அழித்தல், காவல் துறைப் பயன்பாட்டுக்கு எழுத்து வடிவ நெறிமுறை ஆகிய மூன்றும் இரு நோக்கங்களையும் இணைக்க வல்லவையாக முன்வைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* தனியுரிமை
* ஆளில்லா வானூர்தி
* இந்திய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு
* தகவல் தொழினுட்பச் சட்டம், 2000
* கழுவெளி பறவைகள் சரணாலயம்